இரைப்பையின் காவற் புரதங்கள்

நெப்போலியன் பொனபாட் 1821ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் சென் ஹெலெனாத் தீவிலே, சிறையிருந்தவாறே உயிர்நீத்தான். கண்மூடுவதற்குச் சில நாட்களுக்கு முன்னர் தன் வைத்தியரை அழைத்து, தான் இறந்தபின் உடலைத் திறந்து பார்க்கவேண்டும் என்றும், சிறப்பாக இரைப்பையை நுணுகி ஆராயவேண்டும் என்றும், கண்டதைத் தன் மகனுக்கு அறிவிக்கவேண்டும் என்றும் அவன் கேட்டுக்கொண்டான். அவனுடைய தந்தையார் கார்லோ 1785ஆம் ஆண்டில் இரைப்பை நோயால் மாண்டவர். தந்தைக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டது. இனித் தன் மைந்தனுக்கும் வருமோ என்பதே பேரரசனாய் இருந்தவனின் கடைசிக் கவலைகளுள் ஒன்று. வைத்தியர்கள் உடலைத் திறந்தபோது இரைப்பையிலே பெரும் புண்ணும், அதன் சுவரில் ஒரு துளையும், அத்துளையை ஈரல் ஒட்டி அடைத்திருந்ததும் காணப்பட்டன. கண்டதை எழுதி வைத்தார்களே ஒழிய, மகனுக்கு வருமா வராதா என்ற கேள்விக்கு விடை கூற அக்காலத்து வைத்தியத்தால் இயலவில்லை.

அக்கேள்விக்கு, ஒரு பகுதிக்கேனும், திட்டமான விடை 1998ஆம் ஆண்டிலேதான் கிடைத்தது. அது பாரிசிலோ இலண்டனிலோ கிடைத்ததன்று. நியூசிலாந்திலே, மாவோரிக் குடும்பம் ஒன்றின் விடாமுயற்சியாற் கிடைத்தது. அந்த விடையை விளங்கிக்கொள்வதற்கு முதலில் இரைப்பையின் உட்சுவரையும், அதனைக் காத்துநிற்கும் சில புரதங்களையும் அறிதல் வேண்டும்.

இரைப்பை விந்தையான ஓர் உறுப்பு. இறைச்சியையும் கரைக்கவல்ல அமிலத்தைத் தானே சுரந்து, தானே அதனுட் கரைந்துபோகாமல் இருக்கிறது. இதற்கு ஒரு காரணம், உட்சுவரின் மேற்பரப்பிலுள்ள கலங்கள் சீதத்தைச் சுரந்து தம்மை மூடிக்கொள்வது. மற்றொரு காரணம், அக்கலங்கள் நெடுநாள் வாழாமை. மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் அவை உதிர்ந்துவிட, அடியிலிருந்து புதுக் கலங்கள் எழுந்து அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே இரைப்பையிற் கலப்பிரிவு ஓயாது நடைபெறவேண்டும். நடைபெறாவிடிற் சுவர் புண்ணாகும். ஆயின் அது அளவோடு நடைபெறவேண்டும். அளவு மீறிற் கட்டியாகும். வண்டிலுக்கு மாடும் வேண்டும், மாட்டுக்கு மூக்கணாங்கயிறும் வேண்டும். கலத்தினுள்ளும் பெருக்கத்தைத் தூண்டும் புரதங்கள் உள்ளன. அதனை இழுத்துப்பிடிக்கும் புரதங்களும் உள்ளன. பின்னவற்றையே கட்டியடக்கும் புரதங்கள் என்பர்.

இப்படியான புரதங்கள் உண்டென்பதை யாரும் நேரே கண்டு சொல்லவில்லை. முதலில் ஊகித்தே அறிந்தனர். 1969ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட்டைச் சேர்ந்த ஹென்றி ஹரிசும் அவருடன் பணியாற்றியோரும் எலியின் புற்றுக்கலம் ஒன்றையும் சாதாரண கலம் ஒன்றையும் ஒன்றாக இணைத்துப் பார்த்தனர். புற்றின் இயல்பே வலிமையானது, அதுவே மேலோங்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். நிகழ்ந்ததோ மறுதலை. இணைந்த கலத்திற் புற்றின் இயல்பு அடங்கிப்போயிற்று. சாதாரண கலத்திலிருந்த ஏதோ ஒன்று புற்றுக்கலத்தில் இல்லாதிருந்தது. அது வந்துசேர்ந்ததும் அடக்கமும் வந்துசேர்ந்தது. புற்றுநோய் என்பது புதிதாக ஒன்று வந்து புகுவதால் மட்டுமன்றி, இருந்த ஒன்று இல்லாமற் போவதாலும் உண்டாகலாம் என்ற எண்ணம் அதனால் வலுப்பெற்றது.

இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1971இல், அமெரிக்க வைத்தியரான அல்பிரட் நட்சன் குழந்தைகளின் விழித்திரையில் உண்டாகும் புற்றுநோயைக் கணக்கிட்டு ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார். ஒவ்வொரு பரம்பரையலகிலும் நமக்கு இரண்டு பிரதிகள் உள்ளன: தாய் வழியால் ஒன்று, தந்தை வழியால் ஒன்று. காவற் புரதத்தை ஆக்கும் அலகின் ஒரு பிரதி கெட்டாலும் மற்றையது வேலையை நடத்திவிடும். இரண்டும் கெட்டாலே காவல் நீங்கும். ஒரே கலத்தில் இரண்டும் தற்செயலாய்க் கெடுதல் அரிது. அதற்குக் காலம் செல்லும். ஆனால் ஒரு பிரதி கெட்டபடியே பிறக்கும் பிள்ளைக்கோ, உடம்பின் ஒவ்வொரு கலத்திலும் ஒற்றைக் காவலனே நிற்கிறான். எந்தக் கலத்திலாவது அவனும் வீழ்ந்தாற் போதும். இளவயதிலும் ஒரே குடும்பத்திற் பலருக்கும் நோய் வருவதன் இரகசியம் இதுவே.

காவற் புரதங்களுட் பெயர் பெற்றது பீ-53 என்பது. 1979இல் அதனைக் கண்டுபிடித்தவர்கள் அதன் குணத்தைத் தலைகீழாக விளங்கிக்கொண்டனர் என்பது விஞ்ஞான வரலாற்றிலே ஒரு வேடிக்கை. ஆய்வுகூடங்களிற் பயன்பட்ட பிரதிகள் பல முன்னமே பழுதுற்றவை. பழுதுற்ற புரதம் புற்றை வளர்த்ததால், பீ-53 புற்றை வளர்க்கும் புரதமே என்று பத்தாண்டுகள் எண்ணியிருந்தனர். 1989இலேதான் உண்மை வெளிப்பட்டது. கள்வனென்று எண்ணப்பட்டவன் கைகால் முறிந்து கிடந்த காவற்காரன்! கலத்தின் டீ.என்.ஏ. சிதைவுற்றாற் பீ-53 கலப்பிரிவை நிறுத்தி, திருத்தத்துக்கு அவகாசம் அளிக்கிறது. திருத்த இயலாவிடின் அக்கலத்தைத் தற்கொலை செய்யுமாறு பணிக்கிறது. மனிதருக்கு உண்டாகும் புற்றுக்களில் ஏறத்தாழ அரைவாசியில் இப்புரதத்தின் அலகு பழுதுபட்டிருக்கக் காணலாம்.

இனி இரைப்பைக்கு வருவோம். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 9 இலட்சத்து 68 ஆயிரம் பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 6 இலட்சத்து 60 ஆயிரம் பேர் அதனால் இறந்தனர். இந்நோய் ஒன்றன்று, இரண்டு என்பதை 1965ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு நோயியலாளர் லௌரேன் எடுத்துக்காட்டினார். ஒரு வகையிற் புற்றுக்கலங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, குடலின் சுரப்பிகளை ஒத்த உருவங்களை அமைக்கின்றன. இதனைக் குடல்வகை என்பர். மற்றைய வகையிற் கலங்கள் கூட்டமாய் நிற்பதேயில்லை. தனித்தனியே பிரிந்து இரைப்பைச் சுவரினூடே ஊடுருவிப் பரவுகின்றன. இதனைப் பரவல்வகை என்பர்.

குடல்வகை வளரும் பாதை நீண்டது. கொலம்பியாவிற் பிறந்த பெலாயோ கொரேயா 1975இல் அதனைப் படிப்படியாக வகுத்துக் காட்டினார். முதலில் உட்சுவரில் நாட்பட்ட அழற்சி, பின்னர் சுரப்பிகள் தேய்ந்து அருகுதல், அதன்பின் இரைப்பைக் கலங்கள் தம் இயல்பை விட்டுக் குடற்கலங்களின் இயல்பைப் பெறுதல், பின்னர் உருவமும் ஒழுங்கும் பிறழ்தல், ஈற்றிற் புற்று. இதற்குப் பல பத்தாண்டுகள் செல்லும். அழற்சியைத் தொடக்கிவைப்பது பெரும்பாலும் ஹெலிக்கோபக்டர் பைலோரி என்னும் பற்றீரியா. அதனை அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலே ரொபின் வொரனும் பரி மார்சலும் ஆராய்ந்து, 1982இல் வளர்த்தும் எடுத்தனர். மார்சல் 1984இல் அக்கிருமியைத் தாமே பருகி, தம் இரைப்பையில் அழற்சியை உண்டாக்கிக் காட்டினார். இருவருக்கும் 2005இல் நோபெற் பரிசு கிடைத்தது.

அக்கிருமி உலக மாந்தரிற் பெருந்தொகையினரின் இரைப்பையிற் குடியிருக்கிறது. அவர்களுள் மிகச் சிலருக்கே புற்றுநோய் உண்டாகிறது. அந்த இடைவெளியிலேதான் காவற் புரதங்களின் கதை இருக்கிறது. ஓயாத அழற்சியினாற் கலங்கள் மீண்டும் மீண்டும் அழிந்து மீண்டும் மீண்டும் பிறக்க, டீ.என்.ஏ.யிற் பிழைகள் குவிகின்றன. ஒரு நாள் அப்பிழை பீ-53இன் அலகிலேயே விழுகிறது. அன்றுமுதல் அக்கலத்தின் சந்ததியிற் பிழைகளைத் தட்டிக்கேட்பார் இல்லை.

அலகிற் பிழை விழாமலே காவல் கெடுவதும் உண்டு. பரம்பரையலகின் தொடக்கப் பகுதியிற் சிறு இரசாயனத் தொகுதிகள் வந்து ஒட்டிக்கொண்டால், அவ்வலகைக் கலம் வாசிக்கமாட்டாது. ஏட்டின் எழுத்தெல்லாம் செவ்வையாய் இருக்க, ஏட்டை இறுகக் கட்டிப் பரணில் எறிந்துவிட்டாற்போல என்க. நாட்பட்ட அழற்சியுள்ள இரைப்பைகளிற் பல காவல் அலகுகள் இவ்வாறு கட்டுண்டு கிடக்கக் காணப்படுகின்றன. நெப்போலியனுக்கு நேர்ந்ததும் இந்தப் பாதையாகவே இருக்கலாம் என்று, அவனுடைய உடற்பரிசோதனைக் குறிப்புக்களை 2007இல் மீள ஆராய்ந்த நோயியலாளர்கள் கருதினர். அவர்கள் எண்ணம் சரியாயின், அவன் அஞ்சியது குலத்தை. அவனைக் கொன்றது கிருமி.

பரவல்வகையின் கதை வேறு. அதிலே முதலில் வீழ்வது பெரும்பாலும் பீ-53 அன்று. ஈ-கட்ஹீரின் என்னும் புரதம். கட்ஹீரின்களை யப்பானியரான மசாத்தோசி தக்கெய்ச்சி ஆராய்ந்து வெளிப்படுத்தினார். யாழ்ப்பாணத்து வேலியிலே கதியால்கள் தனித்தனியே நின்றாலும், வரிச்சு வைத்துக் கட்டியபின்னரே அவை வேலியாகின்றன. கலங்களுக்கு அந்த வரிச்சும் கட்டும் ஈ-கட்ஹீரின். அதன் ஒரு முனை கலத்துக்கு வெளியே நீண்டு, அயற்கலத்தின் ஈ-கட்ஹீரினைப் பற்றுகிறது. இந்தப் பிடி இறுகுவதற்குக் கல்சியம் வேண்டும். மறுமுனை கலத்தினுள்ளே, பீற்றா-கட்டெனின் முதலிய புரதங்களின் வழியாகக் கலத்தின் உட்சட்டகத்தோடு பிணைந்திருக்கிறது. இப்பிடி விட்டால் என்ன நேரும்? கலம் வேகமாகப் பெருகவேண்டும் என்பதில்லை. நிற்கவேண்டிய வரிசையில் நில்லாது வழுவிப்போகும், அவ்வளவே. அந்த அவ்வளவே பரவல்வகைப் புற்றின் முழு இயல்புமாகும். மிகையாகப் பெருகுவதைத் தடுப்பதொன்றே காவல் என்று எண்ணியிருந்தோர்க்கு, அயலாரைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் காவலே என்பதை இப்புரதம் உணர்த்தியது.

நியூசிலாந்தின் வட தீவிலே, தௌரங்கா நகரை அடுத்து வாழ்ந்த மாவோரிக் குடும்பம் ஒன்றில் இரைப்பைப் புற்றுநோய் தலைமுறை தலைமுறையாக உயிர்களைக் கொண்டுசென்றது. முப்பது ஆண்டுகளுள் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் நாற்பது வயதைக் காணாதவர். மிக இளையவருக்குப் பதினான்கு வயது. இது சாபம் என்று எண்ணியோரும் அவர்களுள் இருந்தனர். ஆயினும் சாபமென்று சொல்லிச் சும்மா இருந்துவிட அக்குடும்பம் விரும்பவில்லை. மாவோரி மக்கள் தங்கள் குலமுறையை வக்கப்பாப்பா என்று போற்றிக் காப்பவர்கள். இன்னார் மகன் இன்னார் என்று பல தலைமுறைகளை ஓதவல்லவர்கள். அந்தக் குலமுறை அறிவைத் துணைக்கொண்டு, எக்கிளையில் எவரெவர் இந்நோயால் இறந்தனர் என்று அட்டவணை வகுத்தனர். 1990களின் நடுப்பகுதியில், தென் தீவிலுள்ள ஒட்டாகோப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானிகளை அவர்களே நாடி, ஆராய்ச்சிக்கு அழைத்தனர்.

பரி கில்போட் என்பவரின் தலைமையில் ஆய்வு நடந்தது. நோயுற்றவர்களின் குருதியிலிருந்து டீ.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, நோயோடு கூடவே தலைமுறைகளினூடு வரும் நிறமூர்த்தத் துண்டு எதுவென்று தேடினர். அது 16ஆம் நிறமூர்த்தத்தில் அகப்பட்டது. ஈ-கட்ஹீரினை ஆக்கும் அலகு இருக்கும் இடமே அது. அவ்வலகை எழுத்தெழுத்தாக வாசித்தபோது, குவனின் நிற்கவேண்டிய ஓரிடத்திலே தைமின் நின்றது. ஓரெழுத்துப் பிழை! ஆனால் அலகின் துண்டுகளை ஒட்டிச் சேர்க்கும் முக்கியமான பொருத்தில் அது விழுந்திருந்தபடியால், புரதம் பாதியில் அறுந்த குறைப்பொருளாகவே உருவாயிற்று. வேறு இரு மாவோரிக் குடும்பங்களிலும் அதே அலகில் வேறு வேறு இடங்களிற் பழுது இருந்தது. 1998இல் இம்முடிவுகள் வெளிவந்தபோது, கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் ஆய்வுகூடத்தாரின் பெயர்களோடு அந்தக் குடும்பத்தவரின் பெயர்களும் இடம்பெற்றன. அதுவே நீதி. குலமுறையை அவர்கள் தந்திராவிடின், எந்த ஆய்வுகூடத்தின் கருவியும் எதைத் தேடுவதென்று அறிந்திராது.

இவ்வாறு பரம்பரையாக வருவது உலகின் இரைப்பைப் புற்றுக்களில் நூற்றுக்கு மூன்றுக்கு மேற்படாது. ஆனால் அங்கே கண்ட புரதம் ஏனையோருக்கும் பொருந்தியது. பரம்பரைப் பழுது இல்லாதாரின் பரவல்வகைக் கட்டிகளிலும் ஈ-கட்ஹீரின் அடிக்கடி பழுதுற்றிருப்பதை 1994இலேயே செர்மானிய ஆய்வாளர் கண்டிருந்தனர். ஹெலிக்கோபக்டர் சுரக்கும் நொதியம் ஒன்று இந்தப் புரதத்தையே வெட்டித் துண்டாக்குகிறது என்பதும் 2010இல் அறியப்பட்டது. கலங்களின் இடையே நுழைய விரும்பும் கிருமி, வேலியை அவிழ்ப்பதற்கு வரிச்சுக் கட்டையே அறுக்கிறது.

பழுதைக் கண்டுபிடித்ததோடு துன்பம் தீர்ந்துவிடவில்லை. புதியதொரு துன்பம் தொடங்கிற்று. பரவல்வகைப் புற்றுக் கட்டியாய்த் திரண்டு எழுவதன்று. உட்குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்க்கும் வைத்தியருக்கு இரைப்பையின் மேற்பரப்பு செவ்வனே இருப்பதாகத் தோன்றும். புற்றோ அதன் அடியிலே ஒளித்திருக்கும். ஏறத்தாழ 30 இடங்களிற் சிறு துண்டுகளைக் கிள்ளி எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தாலும், கிள்ளாத இடத்தில் அது இருத்தல் கூடும். ஆகவே பழுதுற்ற அலகை உடையோர், 20 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில், நோயின் அறிகுறி யாதும் இல்லாதபோதே, இரைப்பை முழுவதையும் சத்திரசிகிச்சையால் அகற்றிவிடுதல் நன்று என்று வைத்திய அறிஞர் ஆலோசனை கூறுகின்றனர்.

நோயில்லாத உடம்பை அறுப்பதா என்று கேட்கத் தோன்றும். அகற்றிய இரைப்பைகளை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தபோது கிடைத்த காட்சி அக்கேள்விக்கு ஒரு விடை தந்தது. அதனோடு வேறொரு கேள்வியையும் எழுப்பிற்று. யாதொரு முறைப்பாடும் இல்லாதிருந்த இளைஞர்களின் இரைப்பைகளிலே பெரும்பாலானவற்றில், 1 மில்லிமீற்றரிலும் சிறிய புற்றுப் புள்ளிகள் காணப்பட்டன. சில இரைப்பைகளில் அவை நூற்றுக்கு மேல். அப்புள்ளிகளின் கலங்களில் ஈ-கட்ஹீரின் குறைந்திருந்தது, அல்லது அறவே இல்லை. இரண்டாவது பிரதியும் ஒழிந்துவிட்டது என்பது இதன் பொருள். பல புள்ளிகளில் அது முன்னர் சொன்னபடி ஏடு கட்டப்பட்டதுபோல் அடைபட்டிருந்தது. கலம் பிரியும்போது பிடி தளர்ந்திருந்தால், சேய்க்கலம் பக்கத்தே அமராமல் அடியிலுள்ள இழையத்துள் விழுந்துவிடுகிறது என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

ஆனால் நூறு புள்ளிகள் இருந்தும் அந்த இளைஞர் நலமாயிருந்தாரே! அப்புள்ளிகளுட் பெரும்பாலானவை ஆண்டுக்கணக்காக அசையாமற் கிடக்கின்றன. ஈ-கட்ஹீரினை இழப்பது வீட்டை விட்டு வெளியேறுவதற்குப் போதும். நாடு பிடிப்பதற்குப் போதாது. பீ-53 போன்ற மற்றைக் காவல்களும் வீழ்ந்த பின்னரே அவற்றுள் ஏதோ ஒன்று விழித்தெழுந்து தசைப்படையை ஊடுருவுகிறது. எது விழிக்கும், எப்போது விழிக்கும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. இந்நோயின் வளர்ச்சியில் மிக முக்கியமான படி இதுவே. இரைப்பைப் புற்றை ஒரே புரதத்தின் குற்றமாகச் சொல்லும் விளக்கங்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

எண்களும் நிலையாய் நிற்கவில்லை. பழுதுற்ற அலகுடைய ஆண்களில் நூற்றுக்கு 70 பேரும் பெண்களில் 56 பேரும் 80 வயதுக்குள் இரைப்பைப் புற்றுக்கு ஆளாவர் என்று 2015இல் மதிப்பிடப்பட்டது. 2019இல் வெளிவந்த வேறொரு மதிப்பீடு ஆண்களுக்கு 42 என்றும் பெண்களுக்கு 33 என்றும் குறைத்துக் கூறியது. முந்திய கணக்குக்கு நோய் மலிந்த குடும்பங்களே பெரிதும் ஆதாரமாயிருந்தன. நோய் அருகிய குடும்பங்களும் பரிசோதனைக்கு வரத் தொடங்கியதும் எண் தாழ்ந்தது. நூற்றுக்கு 70 என்றால் அறுவைக்கு உடன்படுவது எளிது. 33 என்றாற் சிந்திக்கவேண்டும். பெண்களுக்கோ இரைப்பையோடு மார்பகத்துக்கும் இடர் உண்டு. ஏறத்தாழ நூற்றுக்கு 40 பேருக்கு மார்பகப் புற்றின் ஒருவகை வரலாம் என்பது கணக்கு.

இரைப்பையின்றி வாழலாம். உணவுக் குழாயை நேரே சிறுகுடலோடு பொருத்திவிடுகின்றனர். மூன்று வேளை உண்டவர் சிறிது சிறிதாக ஆறேழு வேளை உண்ணவேண்டும். இனிப்பு மிகுந்தால் உணவு குடலுள் விரைந்து பாய்ந்து, தலைசுற்றலும் வியர்வையும் உண்டாகும். உடல் நிறை குறையும். பீ-12 உயிர்ச்சத்தை உணவிலிருந்து உறிஞ்சுவதற்கு வேண்டிய பொருளை இரைப்பையே சுரப்பதால், அவ்வுயிர்ச்சத்தை ஆயுள் முழுதும் வேறு வழியாற் பெறவேண்டும். பெரும்பாலும் ஊசிமூலம் ஏற்றுவர். இத்தனைக்கும் ஆளான பின்னரும் தொழில் செய்வோர் உளர்; பிள்ளை பெற்று வளர்த்த பெண்களும் உளர்.

ஒட்டாகோவின் ஆய்வுகூடம் வேறொரு வழியையும் தேடிவருகிறது. இல்லாத புரதத்தை மருந்தாற் கலத்துக்குத் திருப்பிக் கொடுத்தல் கடினம். ஆனால் ஒரு தூணை இழந்த கூரை மற்றத் தூண்களையே முழுதும் நம்பி நிற்பதுபோல, ஈ-கட்ஹீரினை இழந்த கலம் வேறு சில புரதங்களை மிகுதியாகச் சார்ந்து நிற்கிறது. அவற்றை மருந்தால் தாக்கினால் நலமான கலம் பிழைக்கும். பழுதுற்ற கலம் மட்டும் மடியும். அறுவையின்றி அந்தச் சிறு புள்ளிகளை அழிப்பதற்கு இது ஒரு வழியாகலாம் என்பதே அவர்களின் நோக்கம்.

தௌரங்காக் குடும்பத்தின் பிள்ளைகள் வயது வந்ததும் குருதிப் பரிசோதனைக்கு உட்படலாம். பழுதுள்ள தாய் அல்லது தந்தையின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பழுது வருவதற்கும் வராமலிருப்பதற்கும் சரிபாதி வாய்ப்பே உண்டு. பழுது வந்திருந்தால் வைத்தியரோடும் உற்றாரோடும் கலந்து தம் வழியைத் தெரிந்துகொள்ளவேண்டும். வராதிருந்தால், அவருக்கு இந்நோயின் இடர் ஊரிலுள்ள ஏனையோருக்கு உள்ள அளவே. இந்தப் பழுது தலைமுறையைத் தாண்டிக் குதிப்பதன்று. ஆகையால் அவருடைய பிள்ளைகளுக்கு அந்தப் பரிசோதனை வேண்டியதேயில்லை.